ஓல்ட்ராய்டும் ஃபேன்ஸி நம்பரும்

ஒரு காரைப் பார்த்த மாத்திரத்தில் அதில் இரும்பு எத்தனை கிலோ, அலுமினியம் எத்தனை கிலோ, செம்புக் கம்பி எவ்வளவு தேறும் என்று வில்ஃப் ஓல்ட்ராய்ட் சொல்லிவிடுவார். எடை மேடையில் ஏற்றிப் பார்த்தால் பத்து கிலோ முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். பாட்லியிலிருந்து ஹடர்ஸ்ஃபீல்டு வரைக்கும் சல்லடை போட்டுச் சலித்தாலும் இந்தக் கண் உள்ள ஆள் இன்னொருவன் அகப்பட மாட்டான். இது ஊர் சொன்னதல்ல, அவரே சொன்னது. ஆனால் ஊரில் எவனும் இதுவரை மறுத்ததில்லை.

பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டார். அதற்கு முன்னாலும் பள்ளிக்கூடம் அவரை அதிகம் பார்த்ததில்லை. கந்தல் மில்லில் பழைய கோட்டுகளிலிருந்து பொத்தான் அறுக்கிற வேலை. பிறகு ஒரு ஓட்டை லாரி. பிறகு ரயில் பாலத்துக்குக் கீழே, நாய்கூடப் படுக்காத சேற்று நிலம் அரை ஏக்கர். எழுபத்தோரு வயதில் அது நாலு ஏக்கர் காயலான் கடை, பதினோரு ஆட்கள், ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்த நசுக்கும் மெஷின். இதில் ஒரு ஆணிகூட எவனும் கொடுத்ததில்லை. படித்தவன் எவனாவது இதைச் செய்து காட்டட்டும், பார்க்கலாம்.

இத்தனைக்கும் மேலே அவர் பெரிதாக நினைத்தது ஒன்று உண்டு. "என் கேட்டுக்குள்ள ஏமாத்தி வந்தது ஒண்ணும் கிடையாது. ஏமாத்தி வெளியே போனதும் கிடையாது" என்பார். சைலன்சர் வாங்க வந்தவனிடமும் சொல்லுவார், வழி கேட்க நின்றவனிடமும் சொல்லுவார். திருட்டு வண்டி, திருட்டுக் கம்பி என்று காயலான் கடைக்காரர்களை ஊர் எப்படிப் பார்க்கும் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்காமல் ஐம்பது வருஷம் ஓட்டியிருக்கிறார். பணத்தைவிட அதுதான் அவருக்குப் பெரிசு.

எழுத்து வேலை மட்டும் வராது. காகிதத்தைப் பார்த்தால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். அதற்காகத்தான் மனைவி ஐரீனின் தம்பி நெவிலை ஆபீஸில் உட்கார வைத்திருந்தார். நெவிலுக்கு ஐம்பத்திரண்டு வயது. முன்பு கார் ஷோரூமில் விற்பனையாளன். வாசனைத் தைலம் போடாமல் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டான். கம்ப்யூட்டரில் எதைத் தட்ட வேண்டும், அரசாங்கத்துக்கு எதை அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அவன் பொறுப்பு. இரும்பு அத்தானுடையது, காகிதம் மச்சினனுடையது. ஆறு வருஷமாக அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

வில்ஃபுக்கு உலகத்தில் குமட்டல் தருவது இரண்டு. ஒன்று, வெயிலில் நின்ற காருக்குள் செத்துக் கிடக்கும் எலி. இன்னொன்று ஃபேன்ஸி நம்பர். எலியே மேல், அது வரும்போதே நாற்றம் சொல்லிவிடும் என்பார்.

லீட்ஸ் ரோட்டில் இறங்கினால் போதும், நாலு நம்பராவது கண்ணில் படும். சமையலறை அலமாரி செய்கிறவன் ஒருவன், தன் பெயர் வருகிற மாதிரி ஒரு நம்பரை வாங்கி மாட்டியிருந்தான். கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்துப் பார்த்தால்தான் வரும். பல் டாக்டர் பெண்டாட்டி ஒருத்தி. தொத்திறைச்சிக் கடைக்காரன் மகன் ஆறாயிரம் பெறாத காருக்குப் பதினெட்டாயிரத்துக்கு நம்பர் வாங்கினான். சிக்னலில் அவனுக்குப் பக்கத்தில் லாரியை நிறுத்தி, ஜன்னலை இறக்கி, "ஏன்டாப்பா, உன் பேரு உனக்கே மறந்துடும்னு பயமா?" என்று வில்ஃப் ஒருமுறை கேட்டார். அவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

காராவது நசுக்கினால் எடைக்குப் போகும். நம்பரில் என்ன இருக்கிறது? தகரத்தில் ஒட்டின எழுத்து. அதுகூட விலையில் சேர்த்தி இல்லை. அந்த எழுத்தை வைத்துக்கொள்கிற உரிமையைத்தான் விற்கிறார்கள், வாங்குகிறார்கள், பெட்டியில் பூட்டி வைத்து ஏறும் ஏறும் என்று காத்திருக்கிறார்கள். முதலீடாம். காற்றை மூட்டை கட்டி அடுக்கி வைத்தவன்கூட இவர்களைவிடப் புத்திசாலி. அவனுக்கு மூட்டையாவது மிஞ்சும்.

மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆபீஸில் போன் அடித்தது. நெவில் இறைச்சிப் பலகாரம் வாங்கப் போயிருந்தான். வில்ஃபே எடுத்தார்.

"ஓல்ட்ராய்ட் யார்டுங்களா?"

"ஓல்ட்ராய்டே பேசறேம்மா."

"என் பேரு மேவிஸ் ஃபர்த். மூணு வாரம் முன்னாடி எங்க வீட்டு ரோவரை உங்க ஆளு வந்து எடுத்துட்டுப் போனாரு. நசுக்கியாச்சா?"

"மூணு வாரமா? அது இந்நேரம் சதுரமாகி கப்பல் ஏறியிருக்குமே. எங்க யார்டுல ஒரு வண்டி ரெண்டு நாளுக்கு மேல நிக்காதும்மா. இந்த ஜில்லாவுலயே அப்படி ஒரு யார்டு கிடையாது."

"நசுக்கினதும் ஒரு சான்றிதழ் வரும்னு அவர் சொன்னாரு. வரலை."

"பார்த்துச் சொல்றேம்மா."

போனை வைத்துவிட்டு வெளியே வந்தார். வரிசையில் இருந்த வண்டிகளில் ரோவர் இல்லை. நசுக்கி அடுக்கியதிலும் இல்லை. டயர் குவியலுக்குப் பின்னால், வேலிக்கும் சுவருக்கும் நடுவில், பச்சைத் தார்பாய் ஒன்று எதையோ மூடிக்கொண்டு நின்றது. தூக்கிப் பார்த்தார்.

ரோவர்தான். இருபத்தேழு வருஷத்துப் பச்சை வண்டி, நேற்றுப் பெட்டியிலிருந்து எடுத்தது மாதிரி இருந்தது. நாலு சக்கரமும் இருந்தது. பேட்டரியைக்கூட கழற்றவில்லை. யாரோ நம்பர் பிளேட்டை மட்டும் துணி போட்டுத் துடைத்திருந்தார்கள். எல்.எஃப். 61. எழுத்து வராத வில்ஃபுக்குக்கூட அது என்ன ஜாதி நம்பர் என்று புரிந்துவிட்டது. இரண்டு எழுத்து, இரண்டு எண். அந்தக் காலத்து நம்பர்.

நெவில் திரும்பி வந்து பலகாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"நெவில், அந்த ரோவர் ஏன் இன்னும் நசுங்காம நிக்குது?"

"எந்த ரோவர் அத்தான்?"

"தார்பாய் போத்திக்கிட்டு தூங்குதே, அது."

நெவில் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். "உக்காருங்க அத்தான்."

"என் ஆபீஸ்ல என்னை உக்காரச் சொல்றியா? நின்னுக்கிட்டே கேக்கறேன்."

"சொல்லலாம்னுதான் இருந்தேன். சரியான நேரம் வரட்டும்னு பார்த்தேன்." பலகாரத்தை ஒரு கடி கடித்தான். "அந்த வண்டி ஒண்ணும் பெறாது. அதுமேல உக்காந்திருக்கே நம்பர், அது இருபத்திரெண்டாயிரம் பவுண்டு."

வில்ஃப் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நெவில் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு விவரமாகச் சொன்னான். வண்டியிலிருந்து நம்பரைத் தனியாகப் பிரித்து நம் பேருக்கு ஒரு சான்றிதழாக வாங்கி வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு காலம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம், விலை ஏறினதும் விற்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. வண்டி அழிந்துவிட்டது என்று யார்டு அரசாங்கத்துக்குத் தெரிவிப்பதற்குள் பிரித்துவிட வேண்டும். தெரிவித்துவிட்டால் வண்டியோடு நம்பரும் செத்தது. "அப்புறம் ராணியே வந்து கேட்டாலும் கிடைக்காது அத்தான்."

"அப்ப இதைப் பிரிச்சிட்டியா?"

"வண்டி நம்ம யார்டு பேருக்கு மாறணும். மாத்தின வண்டிப் பதிவுப் புத்தகம் நேத்துதான் வந்துச்சு. இந்த வாரம் பிரிச்சிடுவேன்." மேசைக்குக் கீழேயிருந்து ஒரு பிஸ்கட் தகரத்தை எடுத்து மூடியைத் திறந்தான். உள்ளே ஐந்து காகிதம். "இது என் பென்ஷன். பேங்க்ல போட்டா வருஷம் பூரா வட்டி சேர்த்தும் ஒரு சாண்ட்விச் வாங்க முடியல. இது துருப் பிடிக்காது, தீனி கேக்காது, கூரை ஒழுகாது. தூங்கிக்கிட்டே ஏறும்."

"எங்கேருந்து வந்துச்சு இதெல்லாம்?"

"ரெண்டு ஏலத்துல எடுத்தேன். மூணு இங்க வந்த வண்டிங்க."

"வண்டிக்காரங்களுக்குத் தெரியுமா?"

"அவங்க கேக்கலையே அத்தான்."

அதை அவன் சொன்ன விதம்தான் தாங்கவில்லை. உதட்டோரத்தில் இறைச்சிப் பலகாரத்தின் ஜெல்லி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நாக்கால் எடுத்துக்கொண்டு சொன்னான். வில்ஃபுக்கு நிஜமாகவே வாய் நீர் ஊறியது, வாந்திக்கு முன்னால் ஊறுமே, அது.

"எப்படிப் பிடிக்கிறே இந்த வண்டிங்கள?"

"அது ஒரு திறமைதான்." நெவிலுக்குப் பெருமை தாங்கவில்லை. நல்ல நம்பர் எந்த வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பானாம். வாரா வாரம் உள்ளூர்ப் பத்திரிகையில் இறந்தவர்கள் பக்கத்தைப் பார்ப்பானாம். நோட்டில் இருக்கும் பெயர் பத்திரிகையில் வந்தால் பதினைந்து நாள் விட்டு ஒரு கார்டு அனுப்புவான். அப்புறம் நேரில் போய், வண்டியை எடுத்துக்கொண்டு நூற்று இருபது பவுண்டு கொடுப்பான். "விதவைங்களுக்கு அது ஒரு உதவிதான அத்தான். அவங்களுக்கு அந்த வண்டி பாரம்."

"என்ன கார்டு?"

இழுப்பறையில் ஒரு கட்டு இருந்தது. வழவழப்பான அட்டை, வெள்ளை அல்லிப்பூ, உள்ளே இரண்டு வரி அனுதாபம். கீழே பெரிய எழுத்தில் அச்சாகியிருந்த ஒன்றை வில்ஃப் எழுத்துக் கூட்டாமலே படித்தார். காகிதத்தில் அவர் அப்படிப் படிக்கக்கூடியது உலகத்திலேயே அது ஒன்றுதான். ஓல்ட்ராய்ட்.

செத்தவன் வீட்டு வாசலில் நின்று அல்லிப்பூவை நீட்டியது அவர் பெயர்.

"பாதி உங்களுக்குத்தான் அத்தான்," என்றான் நெவில். "ஆரம்பத்துலேருந்தே அப்படித்தான் நெனச்சிருந்தேன். பதினோராயிரம்."

வில்ஃப் மேசை மேல் கிடந்த வண்டிப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார். அல்லிப்பூக் கட்டை எடுத்து வாசலில் இருந்த கழிவு எண்ணெய் டிரம்மில் போட்டார். லாரியில் ஏறிக் கிளம்பினார். ஆனால் அந்தப் பதினோராயிரம் என்ற சொல் காதுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. உதறினாலும் போகவில்லை.

மேவிஸ் ஃபர்த்தின் வீடு ஹெக்மண்ட்வைக் ரோட்டில், வரிசை வீடுகளில் கடைசி. கதவைத் திறந்தது எழுபத்தாறு வயதுப் பெண்மணி, ஒரு கையில் ஊன்றுகோல். சமையலறையில் உட்கார வைத்து, டீ ஊற்றி, தகர டப்பாவிலிருந்து இஞ்சிக் கேக் எடுத்து வைத்தார்.

வில்ஃப் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தார். வீரனுக்கு உரிய தோரணையில் தொண்டையைச் செருமினார்.

"மிசஸ் ஃபர்த், உங்ககிட்ட ஒரு தப்பு நடந்துபோச்சு. பண்ணினது என் மச்சினன். ஆனா வாசல்ல என் பேரு இருக்கு, அதனால நானே வந்திருக்கேன். உங்க வீட்டுக்காரர் வண்டியில இருந்த நம்பர் இருபத்திரெண்டாயிரம் பெறும். அதைச் சொல்லாம நூத்து இருபதை நீட்டியிருக்கான். நம்பரை உங்க பேருக்கே எழுதி வாங்கித் தரேன். எனக்கு ஒரு பைசா வேணாம். அம்பது வருஷமா இந்த யார்டுல ஒருத்தரை ஏமாத்தினது கிடையாது."

மேவிஸ் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"தெரியும்," என்றார்.

"என்னம்மா தெரியும்?"

"அது பெறும்னு. எனக்குத் தெரியாம இருக்குமா? இருபத்தேழு வருஷமா இந்த வீட்ல வேற பேச்சே கிடையாது."

வில்ஃப் கையில் எடுத்த கேக்கைத் தட்டில் வைத்தார்.

"லெஸ்லி பஸ் ஓட்டினாரு. முப்பத்தெட்டு வருஷம். கெட்டவர் இல்ல, குடிக்க மாட்டார். தொண்ணூறுல எங்கம்மா செத்து, எனக்கு நாலாயிரம் பவுண்டு விட்டுட்டுப் போனாங்க. ஆஸ்திரேலியாவுல இருக்கற எங்கக்கா டாரத்தியைப் போயி பார்க்கலாம்னு பேசி வச்சிருந்தோம். அந்தக் காசோட ஹாரகேட்ல கார் கண்காட்சின்னு போனாரு. சாயங்காலம் ஒரு காகிதத்தோட வந்தாரு. அவர் பேரோட முதலெழுத்தும், எங்க கல்யாண வருஷமும். 'முதலீடு மேவிஸ்'னாரு. 'உனக்காகத்தான் மேவிஸ்'னாரு."

"சரி, ஆசைப்பட்டிருக்காரு."

"ஆசைப்பட்டா மாட்டிக்கிட்டு ஓட்டணும். ஓட்டலை. மழையில எடுக்க மாட்டாரு. இந்த ஊர்ல மழை இல்லாத நாளு எத்தனை? வெயில் அடிச்சா கல்லு தெறிக்கும்பாரு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறதுக்குப் பதிலா அதைத் துடைப்பாரு. கொட்டகையில ஈரம் ஏறுதுன்னு ஒரு ஹீட்டர் வாங்கி வச்சாரு. ராத்திரி பகலா எரியும். வீட்ல கேட்டா ஸ்வெட்டர் போட்டுக்கோம்பாரு."

வில்ஃப் சிரித்துவிட்டார். மேவிஸ் சிரிக்கவில்லை.

"என் இடுப்பு மூட்டு தேஞ்சுபோச்சு. அரசாங்க ஆஸ்பத்திரியில வரிசை. ரெண்டு வருஷம் எட்டு மாசம். தனியார்ல போனா ஒரே மாசத்துல மாத்திடறேன்னாங்க. நம்பரை வித்துடுங்கன்னேன். வாழ்க்கையில அந்த மனுஷங்கிட்ட நான் கேட்டது அது ஒண்ணுதான். 'இது விக்கிற நேரம் இல்ல மேவிஸ், இன்னும் ஏறும்'னாரு. படியேற முடியாம இதோ இந்த முன்னறை சோஃபாவுல படுத்துக் கிடந்தேன். அது கொட்டகையில ஹீட்டரோட படுத்திருந்துச்சு. அந்தச் சத்தம் எனக்கு இங்க கேக்கும்."

ஊன்றுகோலை எடுத்து மேசையோரமாகச் சாய்த்து வைத்தார்.

"போன பிப்ரவரியில, ஆஸ்பத்திரியில, என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. ஏதோ சொல்லப் போறார்னு குனிஞ்சேன். 'அவசரப்பட்டு வித்துடாதே'ன்னாரு. அதுக்கப்புறம் பேச்சு வரல."

டீ ஆறிப்போயிருந்தது.

"உங்க மச்சினர் வந்து பல்லைக் காட்டினப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு," என்றார் மேவிஸ். "ஆனா நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன். ஓல்ட்ராய்ட் யார்டு ஆச்சே, அங்க இரும்பைத் தவிர எதையும் பார்க்க மாட்டாங்க, ரெண்டு நாள்ல நசுக்கிடுவாங்க, நம்பரும் அதோட தொலையும்னு இருந்தேன். தொலைஞ்சுதான்னு கேக்கத்தான் காலைல போன் பண்ணினேன்."

"நசுக்கறதுக்குன்னே குடுத்தீங்களா?"

"ஆமா."

"இருபத்திரெண்டாயிரத்தை?"

"ஆமாங்கறேன்."

வில்ஃப் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார். "இங்க பாருங்கம்மா. கோவம் நியாயம்தான். ஆனா காசு மேல கோவப்படாதீங்க. வித்துட்டு அக்காவைப் போய்ப் பாருங்க."

"டாரத்தி செத்து ஒம்பது வருஷம் ஆச்சு."

"சரி, குளியலறையை மாத்துங்க. ஏதாவது ஆஸ்பத்திரிக்கு எழுதி வைங்க."

"வித்தா வாங்கறவன் ஒருத்தன் இருப்பான்ல? அவன் அதை உக்காந்து துடைப்பான். அவன் வீட்ல ஒருத்தி ஸ்வெட்டர் போட்டுக்குவா. நான் எதுக்கு அதை இன்னொருத்தி வீட்டுக்கு அனுப்பணும்? சாகட்டும் அது."

வில்ஃப் ஓல்ட்ராய்ட் அந்த இடத்தில் எழுந்திருக்க வேண்டியவர். தொப்பியை எடுத்துக்கொண்டு, சரிம்மா என்று சொல்லிவிட்டு, நேராக மெஷினுக்குப் போயிருக்க வேண்டும். அவரை அறிந்தவர்கள் அப்படித்தான் எதிர்பார்ப்பார்கள். அவரும் தன்னிடம் அப்படித்தான் எதிர்பார்த்தார். ஆனால் காதுக்குள் உட்கார்ந்திருந்த அந்தச் சொல் இப்போது இரட்டித்துவிட்டது. இந்த அம்மாளுக்கு வேண்டாம். நெவிலுக்கும் கொடுக்கப் போவதில்லை. நடுவில் இருபத்திரெண்டாயிரம் யாருக்கும் இல்லாமல் தெருவில் கிடக்கிறது. புது லாரிக்கு முன்பணம். ஐரீன் வீட்டோடு சேர்த்துக் கட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கும் கண்ணாடி அறை.

வாய் தானாகத் திறந்தது.

"சரிம்மா. உங்களுக்கு வேணாம்னா... சும்மா வீணாத்தானே போகுது. யாருக்கும் நஷ்டம் இல்ல. நீங்க ஆட்சேபிக்கலைன்னா, நான் வேணா..."

மேவிஸ் நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் வில்ஃப் தாங்கியிருப்பார். அவரை எத்தனையோ பேர் கோபமாகப் பார்த்ததுண்டு. இது வேறு. செருப்பில் ஒட்டியது என்னவென்று திருப்பிப் பார்த்ததும் முகத்தில் ஒரு தெளிவு வருமே, அந்த மாதிரி. கேக் டப்பாவின் மூடியை எடுத்தார். நாலு மூலையும் அமுங்க மூடினார்.

வில்ஃபுக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. நெவிலின் உதட்டில் பார்த்த ஜெல்லி இப்போது தன் உதட்டில் இருக்கிற மாதிரி இருந்தது. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். ஒன்றும் இல்லை. மறுபடியும் துடைத்துக்கொண்டார்.

"கோட்டைப் போட்டுக்கிட்டு வாங்க," என்றார், தரையைப் பார்த்து. "உங்க கண்ணு முன்னாடி நசுக்கறேன்."

லாரியில் ஏறும்போது கைகொடுக்க நீட்டினார். மேவிஸ் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு தானே ஏறினார்.

யார்டில் தார்பாயை இழுத்தபோதே நெவில் ஓடிவந்தான். மேவிஸைப் பார்த்ததும் முகத்தில் அனுதாபத்தை மாட்டிக்கொண்டு, "மிசஸ் ஃபர்த், எப்படி இருக்கீங்க" என்றான்.

"மூணு வாரமா காத்துக்கிட்டு இருக்கேன்," என்றார் மேவிஸ்.

நெவில் அத்தானின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான். "என்ன அத்தான் பண்றீங்க? செஷயர்ல வாங்கறதுக்கு ஆள் பேசி வச்சிருக்கேன். ரெண்டாயிரம் முன்பணம் வாங்கிட்டேன்."

"திருப்பிக் குடு."

"செலவாயிடுச்சு."

"தகரத்துல பென்ஷன் வச்சிருக்கியே, அதைக் குடு."

"ஒரு கால் மணி நேரம் குடுங்க. நம்பரைப் பிரிச்சிடறேன், அப்புறம் வண்டியை என்ன வேணா பண்ணுங்க. அந்தம்மாவுக்குப் பாதி, நமக்குப் பாதி. நீங்க அம்பது வருஷம் இரும்புல புரண்டு என்னத்தைக் கண்டீங்க? அழுக்கு. இது சுத்தமான காசு அத்தான்."

"கையை எடு," என்றார் வில்ஃப்.

அந்த ஆத்திரத்திலும் அவர் முறை தவறவில்லை. பெட்ரோலை இறக்கினார், எண்ணெயை இறக்கினார், பேட்டரியைக் கழற்றினார், டயர்களை உருவினார். வேறு யார்டாக இருந்தால் அப்படியே தூக்கிப் போட்டிருப்பார்கள். ஓல்ட்ராய்ட் யார்டில் அது நடக்காது. அரை மணி நேரம் ஆனது. மேவிஸ் எடை மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெவில் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு வந்து முன்பக்க நம்பர் பிளேட்டைக் கழற்றப் பார்த்தான். அந்தத் தகரத்தால் எந்தப் பிரயோஜனமும் இல்லை என்று அவனைவிடத் தெரிந்தவன் கிடையாது. ஆனாலும் கழற்றப் பார்த்தான். திருகு வழுக்கிக்கொண்டே இருந்தது. வேலையாட்கள் டீக் குவளையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன், "என்ன நெவில், நகை கழட்டறியா?" என்றான்.

இயந்திரக் கொக்கி கூரையைத் துளைத்துத் தூக்கியது. இருபத்தேழு வருஷம் துடைத்த அந்தப் பச்சை பெயின்ட் ஒரே கோடாகப் பிளந்தது. வண்டி நசுக்கும் மெஷினின் பெட்டிக்குள் விழுந்ததும் வில்ஃபே நெம்புகோலை இழுத்தார். கண்ணாடி நொறுங்கின சத்தத்துக்கு நெவில் காதைப் பொத்திக்கொண்டான். மேவிஸ் பொத்தவில்லை. வெளியே வந்தபோது அது ஒரு பெரிய சூட்கேஸ் அளவு இருந்தது. எடை போட்டார்கள். மெஷினில் போடுமுன் வில்ஃப் சொன்ன எடைக்கு நாலு கிலோ கூட.

"இப்ப செத்துடுச்சா?" என்று மேவிஸ் கேட்டார்.

"இன்னும் இல்லம்மா. கம்ப்யூட்டர்ல போடணும்."

ஆபீஸில் நெவில் உட்கார்ந்தான். வண்டி விவரம் வந்தது. கடைசியில் ஒரு கேள்வி வந்தது. அவனே படித்தான். இந்த வாகனம் அழிக்கப்பட்டது என்று உறுதி செய்கிறீர்களா, இதை மாற்ற முடியாது. விரலைப் பொத்தானுக்கு மேலே வைத்தான். வைத்தபடியே இருந்தான்.

"அத்தான், இன்னும்கூட ஒரு வழி இருக்கு."

"அமுக்கு."

"எனக்கு முடியல அத்தான்."

மேவிஸ் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு மேசையைச் சுற்றி வந்தார். "எதை அமுக்கணும், இதையா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அமுக்கினார். சான்றிதழ் அச்சாகி வந்தது. அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றார். வில்ஃப் லாரியைக் கிளப்புகிறேன் என்றார். வேண்டாம் என்றார் மேவிஸ்.

அந்த அம்மாள் கேட்டைத் தாண்டியதும் வில்ஃப் அந்தப் பிஸ்கட் தகரத்தை எடுத்து நெவில் மடியில் போட்டார். "அந்த மூணு வண்டிக்காரங்க வீட்டையும் தேடிப் போய், இது இவ்வளவு பெறும், இது உங்களுதுன்னு சொல்லிக் குடுத்துட்டு வா. அதுவரைக்கும் இந்தக் கேட்டுக்குள்ள வராதே."

"என்னமோ நீங்க மட்டும் யோக்கியர் மாதிரி பேசறீங்க," என்றான் நெவில்.

அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆத்திரத்தில் சொன்னதுதான். எப்போதும் என்றால் வில்ஃப் அதற்குத் தன் ஐம்பது வருஷத்தையும் எடுத்து விரித்திருப்பார். அன்று பச்சை சோப்புக் கூழை அள்ளிக் கை கழுவப் போனார். முழங்கை வரைக்கும் தேய்த்தார்.

ஆறு மணிக்கு வீட்டில் ஈரலும் வெங்காயமும். ஐரீன் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். முகம் சரியில்லை.

"நெவில் போன் பண்ணினான். அழுதான்."

"அழட்டும்."

"இருபத்திரெண்டாயிரமாமே. நசுக்கிட்டீங்களாமே."

"அந்தம்மா நசுக்கச் சொன்னாங்க. வண்டி அவங்களுது."

"அவன் பண்ணினது தப்புதான், நான் இல்லேங்கலை." ஐரீன் உப்பை நகர்த்தி வைத்தாள். "ஆனா அவங்களுக்கே வேணாம்னா, யாருக்கும் நஷ்டம் இல்லையே. நாம வச்சுக்கறோம்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

வில்ஃப் ஈரலைக் கத்தியால் அறுத்தார். அறுத்த துண்டைத் திரும்பவும் இரண்டாக அறுத்தார்.

"கேட்டேன்," என்றார்.

"கேட்டீங்களா? என்ன சொன்னாங்க?"

"கேக் டப்பாவை மூடிட்டாங்க."

"அப்படின்னா?"

அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. தட்டை அப்படியே முன்னால் தள்ளினார்.

"வாய் கசக்குது ஐரீன். எடுத்துட்டுப் போ."